முதன்மைக் குற்றிழையும் செல் இடப்பெயர்வும்: ஐயத்திலிருந்து ஆதாரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வளர்ப்புத் தட்டில் இடைவெளியின்றிப் பரவியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசுச் செல்களின் நடுவே பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழித்தால், சில மணி நேரத்தில் இரு கரைகளிலும் நிற்கும் செல்கள் வெற்றிடத்தை நோக்கி நகரத் தொடங்குகின்றன. நகர்வதற்கான விசை ஆக்டின் இழைகளிலிருந்து வருகிறது என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அந்தச் செல் எவ்வாறு அறிகிறது என்ற கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகளுள் ஒன்று, செல்லின் மேற்பரப்பிலிருந்து ஒற்றை மயிர்போல நீண்டு நிற்கும் முதன்மைக் குற்றிழை. படகோடு ஒப்பிட்டால், துடுப்பு வலிப்பது ஆக்டின். சுக்கானைப் பிடிக்கும் கைகளில் ஒன்று குற்றிழையுடையது.

செல் வளர்ப்பும் ஒளிரும் எதிர்ப்பொருள் சாயமேற்றலும் ஓரளவு பழகிய முதுநிலை மாணவர் ஒருவர், தம் ஆய்வகத்தில் உள்ள செல்களின் இடப்பெயர்வில் குற்றிழைக்கு உண்மையிலேயே பங்கு உண்டா என்பதைச் சோதித்துப் பார்க்க இந்த வழிகாட்டி உதவும். எடுத்துக்காட்டாக நெடுகிலும் எலி ஃபைப்ரோபிளாஸ்டையும், பிளேட்லெட் வழி வளர்ச்சிக் காரணியின் (பி.டி.ஜி.எஃப்.) ஏ.ஏ. வடிவத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இத்துறையில் ஏற்பியிலிருந்து நகர்வு வரை கண்ணி கண்ணியாகத் தொடரப்பட்ட பாதை இது என்பதே காரணம். வேறு செல்களோடு பணிபுரிபவர்கள் ஏற்பியின் பெயரை மாற்றிக்கொண்டு இதே வரிசையில் செல்லலாம்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்பதை அறிதல்

பள்ளியில் பாரமீசியத்தின் உடலைச் சுற்றித் துடிக்கும் குற்றிழைகளைப் படித்திருப்போம். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியைத் தள்ளுபவையும் அவ்வகையைச் சேர்ந்தவையே. முதன்மைக் குற்றிழை அவற்றின் உறவுதான் என்றாலும் நடத்தையில் வேறுபட்டது. ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று. பெரும்பாலும் தானாகத் துடிப்பதில்லை. துடிக்கும் குற்றிழையின் குறுக்குவெட்டில் ஒன்பது இரட்டை நுண்குழல்களும் நடுவில் ஓர் இணையும் இருக்கும். முதன்மைக் குற்றிழையில் அந்த நடு இணை இல்லாததால் அதன் அமைப்பை 9+0 என்று குறிப்பர். பாலூட்டிகளின் செல்களில் அதன் நீளம் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர். தடிமன் சுமார் 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர். ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் எல்லையும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், இழையின் உள்ளமைப்பைக் காண எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவை. நீளத்தையும் திசையையும் காண்பதற்குச் சாதாரண ஒளிர் நுண்ணோக்கியே போதும்.

இந்த இழை தாய் சென்ட்ரியோலின் மேல் முளைக்கிறது. செல் பிரியாமல் ஓய்ந்திருக்கும்போது அந்தச் சென்ட்ரியோல் செல் சவ்வோடு இணைந்து அடித்துகளாக மாறி, அதன் மேல் நுண்குழல்கள் வளர்கின்றன. செல் மீண்டும் பிரிய வேண்டுமானால் சென்ட்ரியோல்கள் பிரிகதிர் அமைக்கத் தேவைப்படுவதால், இழை பொதுவாக உள்ளிழுக்கப்படுகிறது. குற்றிழை இருப்பதும் இல்லாததும் செல் சுழற்சியோடு பின்னிப் பிணைந்திருப்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

குற்றிழைக்குள் புரதம் உற்பத்தியாவதற்கு ரைபோசோம்கள் இல்லை. தேவையான கட்டுமானப் பொருள் அடியிலிருந்து ஏற்றப்பட வேண்டும். கைனெசின்-2 என்ற இயங்குபுரதம் சரக்கை நுனிக்குக் கொண்டு செல்கிறது; டைனீன்-2 அடிக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. 1993-இல் கிளாமிடோமோனஸ் என்னும் பச்சைப்பாசியின் கசையிழையில் ரோசன்பாமின் குழுவினர் கண்டறிந்த இந்த இழைவழிப் போக்குவரத்தில் பங்குபெறும் புரதங்களை ஐ.எஃப்.டி. என்ற முன்னொட்டுடன் எண்ணிட்டு வழங்குகிறோம். அவற்றுள் ஐ.எஃப்.டி.88 நமக்கு அடிக்கடி தேவைப்படும். அடிப்பகுதியில் இடைமாற்று மண்டலம் என்றொரு வாயில் உண்டு. எந்தப் புரதம் உள்ளே போகலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்பதை அது முறைப்படுத்துவதால், ஒரே சவ்வின் தொடர்ச்சியாக இருந்தும் குற்றிழைச் சவ்வில் உள்ள ஏற்பிகள் தனிக் கூட்டமாக அமைகின்றன.

1898-இலேயே சிம்மர்மன் இந்த இழையை வரைந்து விவரித்துவிட்டார். 1968-இல் சொரோகின் இன்றைய பெயரை வழங்கினார். இருந்தும் நெடுங்காலம் அது பரிணாமத்தின் எச்சமாகவே ஒதுக்கப்பட்டது. 2000-இல் பேசரும் ரோசன்பாமும் அவர்களது குழுவினரும், சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் உண்டாகும் ஓர் எலி வகையில் பழுதான மரபணு பாசியின் ஐ.எஃப்.டி.88-க்கு இணையானது என்று காட்டிய பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 2003-இல் கேத்ரின் ஆண்டர்சனின் ஆய்வகம், கரு வளர்ச்சியை வழிநடத்தும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைக்கு இந்தப் போக்குவரத்துப் புரதங்கள் இன்றியமையாதவை என்று காட்டியது. இடப்பெயர்வோடு தொடர்பு இருக்கலாம் என்ற குறிப்பு அவற்றுக்கெல்லாம் முந்தியது. 1977-இல் ஆல்பிரெக்ட்-பியூலர், தங்கத் துகள் பரப்பிய தளத்தில் 3டி3 என்ற எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஊரவிட்டு, அவை துகள்களை விழுங்கி விட்டுச்சென்ற தடங்களை ஆராய்ந்தபோது, குற்றிழை பெரும்பாலும் தடத்தின் திசைக்கு இணையாகப் படுத்திருப்பதைக் கவனித்தார். அந்தக் கட்டுரையை இன்று படித்தாலும், கருவிகள் எளியவையாக இருந்த காலத்தில் கேள்வி எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று வியக்கத் தோன்றும்.

படி 2: பாதையை வரைந்து கையில் வைத்துக்கொள்ளுதல்

சோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் சமிக்ஞைப் பாதையை வரைந்துகொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்தப் பாதையைப் பெரும்பாலும் வகுத்தவர்கள் கோபன்ஹேகனில் சோரன் கிறிஸ்டென்சனும் லிண்டா ஷ்னைடரும், அவர்களோடு நியூயார்க்கின் பீட்டர் சாட்டிரும்.

2005-இல் அவர்கள் காட்டியது இது: என்.ஐ.எச். 3டி3 செல்களைச் சீரம் இன்றிப் பட்டினி போட்டு வளர்ச்சியை நிறுத்தினால், பி.டி.ஜி.எஃப். ஆல்ஃபா ஏற்பியின் அளவு கூடி, அது குற்றிழையில் போய்ச் சேர்கிறது. ஏற்பியில் வந்து பிணையும் மூலக்கூறான ஏ.ஏ. ஈனியைச் சேர்த்ததும் ஏற்பி கிளர்ந்து, அதைத் தொடர்ந்து மெக்-எர்க் என்ற கைனேஸ் நொதிகளின் சங்கிலி குற்றிழையிலும் அடித்துகளிலும் தூண்டப்படுகிறது. ஐ.எஃப்.டி.88 பழுதான எலிக்கருவின் ஃபைப்ரோபிளாஸ்டுகளில் குற்றிழை சரியாக வளர்வதில்லை. அங்கே ஏற்பியின் அளவும் உயரவில்லை, ஈனிக்கு மறுமொழியும் கிடைக்கவில்லை.

ஏற்பி கிளர்ந்ததற்கும் செல் ஒரு பக்கமாக நகர்வதற்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை 2009-இலும் 2013-இலும் வந்த ஆய்வுகள் நிரப்பின. சோடியம் அயனியை உள்ளே வாங்கி ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் என்.எச்.இ.1 என்ற பரிமாற்றிப் புரதம் இங்கே மையமானது. அது இயங்கும்போது செல்லின் உட்புறம் சற்றுக் காரத்தன்மை அடைகிறது. முன்விளிம்பில் ஆக்டின் புதிதாக முளைப்பதற்கு அது துணைசெய்கிறது. குற்றிழையிலிருந்து ஏ.கே.டி., மெக் என்ற கைனேஸ்களின் வழியே இரண்டு கிளைகள் புறப்படுகின்றன. ஏ.கே.டி. கிளையைத் தடுத்தால் என்.எச்.இ.1 செல் சவ்வுக்கே வந்து சேர்வதில்லை, ஆகையால் அதன் செயற்பாடு குறைகிறது. மெக் கிளையைத் தடுத்தால் செயற்பாடு குறைவதில்லை. ஆனால் பரிமாற்றி முன்விளிம்பில் திரளாமல் சவ்வு நெடுகிலும் திட்டுத்திட்டாகச் சிதறுகிறது. ஒரு கிளை பொருளை அனுப்புகிறது, மற்றொன்று முகவரி எழுதுகிறது என்று சொல்லலாம். இரண்டில் எது கெட்டாலும் ஏ.ஏ. ஈனியால் தூண்டப்படும் நகர்வு குன்றுகிறது, ஆனால் கெடும் விதம் வேறு. உங்கள் செல்லில் விளைவு தெரியும்போது, பொருள் வரவில்லையா, முகவரி தவறியதா என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு பாதையே எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. குற்றிழையின் அடியில் உள்ள பைபோன்ற மடிப்பில் டி.ஜி.எஃப். பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பிகள் உள்வாங்கப்பட்டுச் சமிக்ஞை தருகின்றன. ஹெட்ஜ்ஹாக்கின் பேட்ச்டு, ஸ்மூத்தன்டு புரதங்கள் இழைக்குள் ஒன்று வெளியேற மற்றொன்று நுழைவதாக இடம் மாறுகின்றன. அடிப்பகுதியில் குடியிருக்கும் இன்வெர்சின் என்ற புரதம் இல்லாத ஃபைப்ரோபிளாஸ்டுகள் முன்பின் திசையமைப்பை இழக்கின்றன என்று 2013-இல் காட்டப்பட்டது. நம் செல்லில் எது முதன்மை என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

படி 3: கேள்வியை ஒரே வாக்கியமாக ஒடுக்குதல்

“குற்றிழை இடப்பெயர்வைப் பாதிக்கிறதா?” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. இடப்பெயர்வில் வேகம் ஒன்று, திசை விடாமை மற்றொன்று, ஈனியின் செறிவுச் சரிவை நோக்கித் திரும்புதல் இன்னொன்று. இரத்தத்தின் டி-லிம்போசைட்டுகளுக்கு முதன்மைக் குற்றிழை கிடையாது. ஆயினும் அவை ஃபைப்ரோபிளாஸ்டுகளைவிடப் பல மடங்கு வேகமாக ஊர்கின்றன. ஆகவே வெறும் நகர்தலுக்குக் குற்றிழை கட்டாயம் இல்லை என்பது தொடக்கத்திலேயே தெளிவு. “பட்டினி போட்ட ஃபைப்ரோபிளாஸ்டுகளில் குற்றிழையை நீக்கினால், ஏ.ஏ. ஈனியின் சரிவை நோக்கித் திரும்பும் திறன் குறைகிறது, வேகம் பெரிதும் மாறுவதில்லை” என்பதுபோல் பொய்யாகவும் ஆகக்கூடிய ஒரு வாக்கியத்தை நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: செல்லைத் தேர்ந்து குற்றிழையை வளர்த்தல்

என்.ஐ.எச். 3டி3, எலிக்கருவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட், மனித விழித்திரை நிறமிப் படலத்திலிருந்து வந்த ஆர்.பி.இ.1 ஆகிய மூன்றும் இத்துறையில் அதிகம் புழங்குபவை. எளிதாகக் குற்றிழை வளர்ப்பது ஆர்.பி.இ.1 என்றாலும், நம் பாதை ஃபைப்ரோபிளாஸ்டில் வகுக்கப்பட்டது என்பதால் 3டி3-ஐ முதலில் எடுப்பது நல்லது.

தட்டு ஏறத்தாழ நிறைந்ததும், சீரத்தை முற்றிலும் நீக்கியோ 0.5 விழுக்காடாகக் குறைத்தோ 24 மணி நேரம் வைக்க வேண்டும், ஆர்.பி.இ.1 என்றால் 48 மணி நேரம் வரை ஆகலாம். செல்கள் இடைவெளியோடு இருந்தால் சுழற்சி முழுமையாக நிற்பதில்லை. அளவுக்கு மேல் நெருங்கினால் பட்டினியின்போது உரிந்து மிதக்கத் தொடங்கும். எத்தனை விழுக்காடு செல்களில் குற்றிழை இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பதிய வேண்டும். பாதிச் செல்களில் இழையே இல்லாத தட்டில் குற்றிழையின் பங்கை அளப்பது, உப்புப் போட்ட சோறும் போடாத சோறும் கலந்துவிட்ட பானையில் சுவை பார்ப்பது போன்றது.

பட்டினிக்குப் பின் சீரத்தைத் திருப்பிச் சேர்த்தால், ஆர்.பி.இ.1 செல்களில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் முதல் அலையாகவும், 18 முதல் 24 மணி நேரத்தில் இரண்டாம் அலையாகவும் குற்றிழைகள் உள்ளிழுக்கப்படுகின்றன. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆரோரா-ஏ கைனேஸும் எச்.டி.ஏ.சி.6 நொதியும் இந்த உள்ளிழுப்பை நடத்துவதைக் காட்டியது. கீறல் போட்டபின் செல்கள் வேகமாக நகரட்டும் என்று 10 விழுக்காடு சீரம் ஊற்றிவிட்டு, மறுநாள் “குற்றிழையின் பங்கு” பற்றி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டில் அளக்க வேண்டிய உறுப்பே பெரும்பாலும் மறைந்திருக்கும். நகர்வைத் தூண்ட வேண்டுமானால் சீரம் இல்லாத ஊடகத்தில் தூய ஈனியை மட்டும் சேர்க்க வேண்டும்.

படி 5: சாயமேற்றிக் காணுதல்

குற்றிழையின் நுண்குழல்கள் அசிட்டைல் ஏற்றம் பெற்றவை. அவற்றைப் பிடிக்கும் 6-11பி-1 என்ற எலி எதிர்ப்பொருள் பல ஆய்வகங்களில் உண்டு. ஆனால் ஃபைப்ரோபிளாஸ்டின் சைட்டோபிளாசத்தில் உள்ள நிலைபெற்ற நுண்குழல்களும் அசிட்டைல் ஏற்றம் பெற்றிருப்பதால், இழை அந்தக் காட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். நிலைப்படுத்துவதற்கு முன் தட்டைச் சிறிது நேரம் பனிக்கட்டி மேல் வைத்தால், குளிர் தாங்காத சைட்டோபிளாச நுண்குழல்கள் பெருமளவு கலைந்து, குற்றிழை தனித்துத் தெரியும். நகரும் செல்லின் வடிவத்தையும் அதே தட்டில் அளக்க வேண்டுமென்றால் இந்த உத்தி ஆகாது. குளிர் செல்லின் வடிவத்தையும் மாற்றிவிடும்.

ஏ.ஆர்.எல்.13பி என்ற குற்றிழைச் சவ்வுப் புரதத்துக்கான முயல் எதிர்ப்பொருளை இரண்டாவது சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடித்துகளைக் காட்டக் காமா-டியூபுலின் அல்லது பெரிசென்ட்ரின் புரதத்துக்கான எதிர்ப்பொருள் வேண்டும். எந்த எதிர்ப்பொருள் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று முன்பே அட்டவணை போடாவிட்டால், இரண்டும் எலியாக அமைந்து ஒரே நிறத்தில் ஒளிர்ந்து மாலைப்பொழுதைக் கெடுக்கும். நிலைப்படுத்த 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் பொதுவாகப் போதுமானது. காமா-டியூபுலின் மங்கலாகத் தெரிந்தால் குளிர்ந்த மெத்தனாலை முயன்று பார்க்கலாம்.

பிரிந்து முடியும் இரு சேய்ச் செல்களுக்கு இடையே எஞ்சும் பாலமும் அசிட்டைல் டியூபுலினில் பளிச்சென்று ஒளிரும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது நீண்ட குற்றிழைபோலவே தோன்றும். ஒரு முனையில் மட்டும் அடித்துகள் ஒட்டியிருக்க வேண்டும், ஏ.ஆர்.எல்.13பி-யும் உடன் ஒளிர வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் நிறைவுசெய்யாத எதையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

உயிருள்ள செல்லில் படம் பிடிக்க ஏ.ஆர்.எல்.13பி-யைப் பச்சை ஒளிர்புரதத்தோடு இணைத்துச் செலுத்துவது வழக்கம். அது அளவுக்கு மிஞ்சினால் குற்றிழையையே நீளமாக்கிவிடும். ஆகவே மிகக் குறைந்த அளவில் வெளிப்படும் செல் வரிசையைத் தேர்ந்து, அதன் இழை நீளம் மூலச் செல்லின் நீளத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்த பின்பே படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும்.

படி 6: கீறல் சோதனை

200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டின் முனையால் ஒரே வீச்சில் கோடு இழுத்து, உடைந்த செல்களின் எச்சம் போகும்வரை இருமுறை மெதுவாகக் கழுவுங்கள். உடைந்த செல்கள் கசியவிடும் பொருள்களும் சமிக்ஞைகளே. கழுவாத தட்டில் நீங்கள் சேர்க்கும் ஈனியின் விளைவு அவற்றோடு கலந்துவிடும். செல்களைக் காயப்படுத்தாமல் இடைவெளி உண்டாக்க, இரு அறைகள் கொண்ட சிலிக்கோன் தடுப்பை வைத்துச் செல்களை வளர்த்து, பின் தடுப்பை எடுத்துவிடும் முறை இதைவிடத் தூய்மையானது. வசதி இருந்தால் அதையே பரிந்துரைப்பேன்.

ஏ.ஏ. ஈனியை மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற அளவில் சேர்ப்பது பழைய ஆய்வுகளில் புழங்கிய அளவு. இடைவெளி அடைபடுவது நகர்வால் மட்டுமன்றிச் செல் பெருக்கத்தாலும் நிகழலாம். பட்டினியில் பெருக்கம் குறைவு என்றாலும், டி.என்.ஏ. உருவாக்கத்தைக் காட்டும் குறியீட்டுச் சாயம் ஒன்றால் அதைச் சரிபார்ப்பது நல்லது. மைட்டோமைசின் போட்டுப் பெருக்கத்தை நிறுத்தலாம். ஆனால் அது டி.என்.ஏ.-வைச் சிதைக்கும் மருந்து என்பதால் நான் அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வேன்.

0, 6, 12, 24 மணி நேரத்தில் நான்கு படங்கள் எடுத்து இடைவெளியின் பரப்பைக் கழித்துப் பார்ப்பது பரவலான வழக்கம். அது தருவது ஒரே ஓர் எண். வேகமும் திசையும் அதில் கரைந்துவிடும். 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்று தொடர்ச்சியாக எடுத்து, ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் பின்தொடர்ந்தால், மொத்தப் பயணத் தொலைவும் தொடக்கத்திலிருந்து முடிவிடம் வரையான நேர்த்தொலைவும் தனித்தனியே கிடைக்கும். நேர்த்தொலைவை மொத்தத் தொலைவால் வகுத்தால் திசை விடாமையின் அளவு வருகிறது. நேராகச் சென்ற செல்லுக்கு 1-ஐ நெருங்கும். கோவில் குளத்தைச் சுற்றுவதுபோல் சுற்றிவந்த செல்லுக்குச் சுழியை நெருங்கும். நீண்ட நேரம் தொடரப்பட்ட செல்லுக்கு இந்த விகிதம் இயல்பாகவே குறையும் என்பதால், ஒப்பிடும் எல்லாச் செல்களையும் ஒரே கால அளவுக்குத் தொடர வேண்டும்.

படி 7: குற்றிழையின் கோணத்தை அளத்தல்

செயல் எளிது, தவறும் எளிது. அடித்துகளிலிருந்து இழையின் நுனிக்கு ஓர் அம்பு வரைந்து, காயத்தின் விளிம்புக்குச் செங்குத்தாக வெற்றிடத்தை நோக்கிய திசையைச் சுழி டிகிரியாகக் கொண்டு கோணத்தை அளக்கிறோம். நகரும் ஃபைப்ரோபிளாஸ்டில் குற்றிழை நகரும் திசைக்கு இணையாக, முன்விளிம்பை நோக்கி அமைகிறது என்பதே 2010-இல் ஷ்னைடர் குழுவினர் வெளியிட்ட முடிவு.

முதல் தவறு சராசரியில் நிகழும். ஒரு செல்லின் கோணம் 350 டிகிரி, மற்றொன்றின் கோணம் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறத்தாழ வெற்றிடத்தையே நோக்குகின்றன. கூட்டி இரண்டால் வகுத்தாலோ 180 டிகிரி வருகிறது; அதாவது முற்றிலும் பின்நோக்கி. கோணங்களுக்கு வட்டப் புள்ளியியல் என்ற தனிக்கணக்கு உண்டு. ஒவ்வொரு கோணத்தையும் சைன், கோசைன் கூறுகளாகப் பிரித்துச் சராசரி கண்டு, பரவல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பதை ராலே சோதனையால் பார்க்க வேண்டும். செல்கள் முன்னும் பின்னுமாக இரு எதிர்த்திசைகளிலும் சமமாக நோக்கினால், கோணத்தை இரட்டித்துக் கணக்கிட்டால் அன்றி ராலே சோதனை அதைக் காணாமல் விட்டுவிடும். ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன், கோணங்களின் பரவலை வட்டமாகக் காட்டும் ரோஜா வரைபடம் ஒன்று போட்டுக் கண்ணால் பார்ப்பதே முறை.

இரண்டாவது தவறு முப்பரிமாணத்தைத் தட்டையாக்குவதில். இழை செங்குத்தாக மேல்நோக்கி நின்றால், மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குக் கோணம் கற்பிப்பது வெறும் இரைச்சல். 0.3 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அடுக்குப் படங்கள் எடுத்து, தளத்தோடு இழை கொண்ட சாய்வையும் கணக்கிடுங்கள். படத்தில் தெரியும் நீளம் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் கோணக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற வரம்பைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே நிர்ணயித்துவிட வேண்டும்.

மூன்றாவது தவறு நுட்பமானது. எனக்கே சில வாரங்களை விழுங்கியது. இடைவெளியை நோக்கி நகரும் ஃபைப்ரோபிளாஸ்டில் உட்கரு பின்னுக்குத் தள்ளப்பட்டு, சென்ட்ரோசோம் அதன் முன்னே அமைவது நெடுநாளாக அறியப்பட்டது. அடித்துகள் சென்ட்ரோசோமின் பகுதியே என்பதால், குற்றிழையின் அடி முன்பக்கத்தில் இருப்பது அந்தப் பொது ஏற்பாட்டின் விளைவாகவே இருக்கலாம். அடித்துகளின் இடத்தை ஒரு தரவாகவும், அங்கிருந்து இழை எப்பக்கம் நீள்கிறது என்பதை வேறொரு தரவாகவும் பிரித்து வைத்தால்தான், குற்றிழை திசையறிகிறதா, சென்ட்ரோசோமோடு ஒட்டிக்கொண்டு போகிறதா என்று பேசவே முடியும். சென்ட்ரோசோமின் இடத்துக்கு, உட்கருவை மையமாகக் கொண்டு முன்னோக்கிய 120 டிகிரி வில்லில் எத்தனை செல்களில் அது இருக்கிறது என்று எண்ணுவது மரபு; தற்செயலாகவே மூன்றில் ஒரு பங்கு அங்கே விழும் என்பதை ஒப்பீட்டுக் கோடாக வைத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளியியலில் மற்றொன்று: 300 செல்களை அளந்ததால் மாதிரி அளவு 300 ஆகிவிடாது. ஒரே தட்டின் செல்கள் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்புபவை. தனித்தனி நாள்களில் செய்த சோதனைகளின் எண்ணிக்கையே உண்மையான மாதிரி அளவு.

படி 8: குற்றிழையை நீக்கிப் பார்த்தல்

திசையோடு ஒத்திருப்பது தொடர்பு மட்டுமே; காரணம் என்று சொல்ல இழையை நீக்க வேண்டும். குளோரல் ஹைட்ரேட் போன்ற வேதிப்பொருளால் இழையை உதிர்க்கும் முறை பழைய கட்டுரைகளில் காணப்படுகிறது. அது செல்லின் பிற பகுதிகளையும் தாக்குவதால் இடப்பெயர்வு ஆய்வுக்கு ஒவ்வாது. மரபணு வழியே செல்வதுதான் முறை.

எல்லோரும் முதலில் நாடுவது ஐ.எஃப்.டி.88. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செல் இடப்பெயர்வில் ஐ.எஃப்.டி.88-க்குக் குற்றிழையைச் சாராத பங்கும் இருப்பதைக் காட்டியது. அதே புரதம் செல் பிரியும்போது பிரிகதிரை ஒழுங்குபடுத்துவதிலும் ஈடுபடுகிறது. ஐ.எஃப்.டி.20-ஐ எடுத்துக்கொண்டால், குற்றிழையே இல்லாத டி-லிம்போசைட்டுகளிலும் அது ஏற்பிகளை, பிற செல்லைச் சந்திக்கும் முனைக்குக் கொண்டுசெல்லப் பயன்படுகிறது. ஃபைப்ரோபிளாஸ்டிலோ அது சி.பி.எல். என்ற புரதங்களைக் காத்து, பி.டி.ஜி.எஃப். ஆல்ஃபா ஏற்பியின் சமிக்ஞை அளவு மீறாமல் அடக்கி வைக்கிறது என்று 2018-இல் தெரியவந்தது. ஆக, இவற்றுள் ஒன்றை நீக்கி நகர்வு மாறினால், மாறியதற்குக் காரணம் குற்றிழை இல்லாததா, அந்தப் புரதம் இல்லாததா என்பதை அந்த ஒரு சோதனை ஒருபோதும் சொல்லாது. “குற்றிழையின் பங்கு” என்று தலைப்பிட்ட கட்டுரைகளில் கணிசமானவை உண்மையில் ஒரு மரபணுவின் பங்கைத்தான் காட்டியிருக்கின்றன என்பது என் கருத்து.

வெவ்வேறு கட்டத்தில் குற்றிழையைத் தடுக்கும் குறைந்தது இரண்டு மரபணுக்களைத் தேர்ந்தெடுங்கள். சென்ட்ரியோலைச் சவ்வோடு இணைக்கும் சி.இ.பி.164 ஒன்று, இழைவழிப் போக்குவரத்தின் ஐ.எஃப்.டி.88 மற்றொன்று என்று எடுத்தால், அவற்றின் பிற வேலைகள் வேறுவேறானவை. இரண்டிலும் ஒரே மாற்றம் தெரிந்தால் பொதுக் காரணம் குற்றிழை என்று கருத இடம் உண்டு. நீக்கிய மரபணுவைத் திருப்பிச் செலுத்தி, இழையும் நடத்தையும் ஒருசேர மீள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதோடு, மரபணுவை நீக்கிய செல்லைப் பட்டினி போடாமல், அதாவது சாதாரணச் செல்லிலும் குற்றிழை அரிதாக இருக்கும் நிலையில், நகர்வை அளந்து பாருங்கள். அந்நிலையிலும் வேறுபாடு அதே அளவில் தெரிந்தால், உங்கள் விளைவு குற்றிழையால் வந்தது அன்று. இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு ஒரு தட்டும் ஒரு நாளும்தான் செலவு. இருந்தும் பலர் ஏன் செய்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததில்லை.

நீக்கம் முழுமையா என்பதை எண்ணிக்கையோடு விடாமல் செயலாலும் சரிபார்க்கலாம். ஸ்மூத்தன்டைத் தூண்டும் மருந்தைக் கொடுத்து, ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையின் இலக்கான ஜி.எல்.ஐ.1 மரபணுவின் வெளிப்பாடு உயர்கிறதா என்று பாருங்கள். குற்றிழை உள்ள செல்லில் உயரும். இல்லாத செல்லில் உயராது.

படி 9: ஈனியை மாற்றிக் கேட்டல்

நம் எடுத்துக்காட்டின் அழகு இங்கே வெளிப்படுகிறது. ஏ.ஏ. ஈனி ஆல்ஃபா ஏற்பியை மட்டுமே கிளர்த்தும். பி.பி. ஈனியோ பீட்டா ஏற்பியையும் கிளர்த்தும். அந்தப் பீட்டா ஏற்பி குற்றிழையில் கூடுவதில்லை, செல்லின் பொதுச் சவ்வில் இருக்கிறது. குற்றிழை நீங்கிய செல் ஏ.ஏ.-க்குத் திரும்பாமல் பி.பி.-க்குத் திரும்பினால், அதன் ஆக்டினும் என்.எச்.இ.1-உம் பிற இயந்திரங்களும் பழுதில்லை, கெட்டது குற்றிழை வழியாக வரும் செய்தி மட்டுமே என்று ஒரே தட்டில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் திரும்பாவிட்டால், செல் பொதுவாகவே நலிந்திருக்கிறது. முந்தைய படிகளுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தச் சோதனையைக் கீறலில் செய்வதைவிட, ஒரு பக்கம் ஈனி செறிந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும் நுண்கால்வாய்த் தட்டில் செய்வது மேல். 8 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வு வழியே செல்கள் இறங்குவதை எண்ணும் பாய்டன் அறை மலிவானது. ஆனால் அதில் திரும்புவதையும் வெறுமனே வேகம் கூடியதையும் பிரிக்க, ஈனியை மேலும் கீழும் சம செறிவில் வைத்த ஒரு குழுவை உடன் சேர்க்க வேண்டும்.

படி 10: தட்டுக்கு வெளியே பொருத்திப் பார்த்தல்

உடலுக்குள் சான்று மிகத் தெளிவாக இருப்பது வளரும் மூளையில். பெருமூளைப் புறணியின் இடைநரம்புச் செல்கள் அடிப்பகுதியில் பிறந்து, பக்கவாட்டில் நெடுந்தொலைவு ஊர்ந்து, பின் புறணித் தட்டை நோக்கித் திரும்ப வேண்டும். 2012-இல் இரு குழுக்கள், ஒன்று ஏ.ஆர்.எல்.13பி-யை நீக்கியும் மற்றொன்று கைனெசின்-2-இன் ஒரு கூறையும் ஐ.எஃப்.டி.88-ஐயும் நீக்கியும், இந்தச் செல்களின் பயணம் பிறழ்வதைக் காட்டின. இரண்டாவது குழுவின் முடிவில் செல்கள் ஊர்வதை நிறுத்தவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பத் தவறின. சுக்கான் உவமையை நான் எடுத்துக்கொண்டது இதைப் படித்த பிறகுதான். ஏ.ஆர்.எல்.13பி மரபணுவின் பழுது மனிதரில் மூளை வளர்ச்சி பிறழும் ஜூபேர் நோய்த்தொகுதியை உண்டாக்குகிறது என்பதால் இந்த முடிவுக்கு மருத்துவப் பொருளும் உண்டு. குற்றிழைப் பழுதால் வரும் மற்றொரு நோயான பார்டெட்-பீடல் நோய்த்தொகுதியின் மரபணுக்களை வரிக்குதிரை மீனில் அடக்கியபோது நரம்பு முகட்டுச் செல்களின் இடப்பெயர்வு தடைப்பட்டதாக 2008-இல் வந்த ஆய்வும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. அந்நோயில் காணும் முக அமைப்பின் மாற்றங்களுக்கு அது ஒரு விளக்கம் தருகிறது.

புற்றுநோயில் மட்டும் அவசரப்பட வேண்டாம். கணையப் புற்றுச் செல்கள் குற்றிழையை இழந்திருப்பதைப் பார்த்து, இழை போனதால் செல் கட்டவிழ்ந்து பரவுகிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கே இழை மறைவது பரவலுக்கு வெகு முன்பே, தொடக்க நிலைப் புண்ணிலேயே நிகழ்கிறது. தோலின் அடிச்செல் புற்றில், ஸ்மூத்தன்டு பழுதால் தூண்டப்பட்ட கட்டிக்குக் குற்றிழை தேவைப்படுகிறது, அதே ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையின் கடைக்கோடிப் புரதமான ஜி.எல்.ஐ.2 நேரடியாகத் தூண்டப்பட்ட கட்டியைக் குற்றிழையே தடுக்கிறது என்று 2009-இல் காட்டப்பட்டுள்ளது. ஒரே உறுப்பு, ஒரே திசு, எதிரெதிர் விளைவு.

குற்றிழை ஓட்டத்தால் வளைந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது என்ற கருத்தையும் தயக்கமின்றி மேற்கோள் காட்டாதீர்கள். 2001-இல் சிறுநீரகச் செல்களில் பிரேட்டோரியசும் ஸ்பிரிங்கும் குற்றிழையை வளைத்துக் கால்சியம் உயர்வதைக் கண்டனர். 2016-இல் குற்றிழைக்குள்ளேயே கால்சியம் உணரியை வைத்து அளந்த மற்றொரு குழு, முதன்மைக் குற்றிழை அவ்வகை விசையுணரி அன்று என்று வாதிட்டது. உங்கள் கட்டுரையில் ஓட்டம் இல்லையெனில் அந்த விவாதத்தைத் தொடாமலே செல்லலாம்.

முடிவுகளை எழுதும்போது, படி 3-இல் தேதியிட்ட வாக்கியத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படி 7 வரை மட்டும் செய்திருந்தால் “குற்றிழை நகரும் திசையோடு ஒத்து அமைகிறது” என்று எழுதலாம். ஒரு மரபணுவை மட்டும் நீக்கியிருந்தால் “ஐ.எஃப்.டி.88 தேவைப்படுகிறது” என்று எழுதலாம். இரு மரபணுக்களும், மீட்புச் சோதனையும், பட்டினி போடாத தட்டும், பி.பி. ஈனியும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் எழுவாயாகக் குற்றிழையை வைக்கலாம்.